ஈத்தேன் குடா

காலையில் எழுந்ததும் சிலுவைமுத்து படகின் அடிக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பான். கீழே மீத்தேன் ஏரி அசைவற்றுக் கிடக்கும். குமிழி எதுவும் தென்படாவிட்டால் அன்றைய பொழுதுக்கு உயிர் நிச்சயம்.

“அடி பாத்தியளா?” என்று வானொலியில் புஷ்பம் கேட்பாள். சனிக்கோளின் இந்த நிலவில், டைட்டனில், சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன் இதைத்தான் விசாரிப்பார்கள்.

“பாத்தாச்சு. குமிழ் இல்ல. நீ?”

அவன் மனைவி இருந்தது கூப்பிடு தூரத்தில் மிதந்த இன்னொரு படகில். ஒன்பது வருஷமாக அப்படித்தான். விண்கலங்களுக்கு மீத்தேன் உறிஞ்சித் தரும் வேலை. உறிஞ்சுபொறியை விட்டு இருவரும் ஒருசேர விலகக் கூடாது, படகுக்கு ஒரே ஆள்தான் என்பது சட்டம்.

சட்டத்தை எழுதியதே மீத்தேன்தான். அதன் மூலக்கூறில் ஒற்றைக் கரியணு (கார்பன்). பக்கத்து மூலக்கூறை இறுகப் பிடிக்கத் தெம்பு கிடையாது, ஏரிக் குளிருக்கு மேல் இருபது டிகிரி ஏறினாலே கொதித்துவிடும். ஓர் உடம்பின் சூட்டைப் படகின் வெப்பத்தடுப்பு ஓடு மறைத்துவிடும், இரண்டை மறைக்காது. அடியில் குமிழி பொங்கினால் படகு கல்லாக இறங்கிவிடும். ஏரியில் கலந்திருக்கும் ஈத்தேனுக்கு இரண்டு கரியணு, பிடிமானம் கூடுதல், லேசில் கொதிக்காது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! அணு இரண்டு சேர்ந்தால் பலமாம், மனுஷர் இரண்டு பேர் சேர்ந்தால் சாவாம்.

அன்று புஷ்பத்தின் குரல் நடுங்கியது. “சூடாக்கி நின்னுபோச்சுங்க. காலு மரத்துட்டு.”

மீட்புக்கலம் வர நான்கு மணி நேரமாகும். அவள் இரண்டு மணி நேரம் தாங்கினாலே அதிசயம். காத்திருக்கும்படி கரையிலிருந்த நிலையம் சொன்னது.

“காத்திருக்கணுமாம்லா! பொணத்த வாங்கவா?” என்று கத்தினான். “ஏட்டி, தூங்கிராத. பேசிக்கிட்டே இரி. வாரேன்.”

அவள் படகைக் கயிற்றில் கட்டித் தெற்குக் குடாவுக்கு இழுத்தான். அங்கே மீத்தேன் பெரும்பாலும் ஆவியாகிப்போய், ஈத்தேன்தான் தேங்கி நின்றது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். இரண்டு படகுகளின் கதவுகளையும் பொருத்தி அவளைத் தன் பக்கம் தூக்கிக்கொண்டான். அடிக்கண்ணாடியில் ஒரு குமிழி இல்லை.

கைகால்களைத் தேய்த்துவிட்டான், வெந்நீர் கொடுத்தான். உடம்பில் சூடு ஏறியதும் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஒன்பது வருஷமாக நேரில் சொல்லச் சேர்த்துவைத்தது எவ்வளவோ இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. நரைத்திருந்த வகிட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நரைத்தது அதுவரை அவனுக்குத் தெரியாது.

மீட்புக்கலம் வந்தது. அவள் படகில் புதுச் சூடாக்கியைப் பொருத்தி முடித்து, “அம்மாவ அனுப்புங்க” என்று வானொலியில் சொன்னார்கள்.

அது காதில் விழாமலே புஷ்பம் கண் விழித்தாள். “ரொம்ப நேரம் தூங்கிட்டனா?”

“இப்பத்தான் கண்ணசந்த” என்றான், போன மூன்று மணி நேரத்தை மறைத்து.

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப நமக்கு இன்னும் நேரம் கெடக்கு.”