ஏழு நடைப் பதிவு

“இன்னும் மூணு நடை பாக்கி சார். மாப்பிள்ளை அழைப்புக்கு நடக்கற மாதிரி நிதானமா வாங்க,” என்றான் பூட்டுக் கருவி பொருத்த வந்திருந்த தமீம்.

நல்லசிவம் ஐந்தாவது முறையாகத் தன் வீட்டு வாசற்படி ஏறினார். நிலைக்கால்களில் தமீம் அன்று காலை பதித்திருந்த இரண்டு சாம்பல் நிறப் பட்டைகளும் மெல்ல ஒளிர்ந்தன. கோபிசெட்டிபாளையத்தில் சாவி போட்டுத் திறக்கும் கடைசிச் சில வீடுகளில் ஒன்று அவருடையது. மற்ற வீடுகளுக்கெல்லாம் உயிர்த்தடக் காவலி வந்து பல வருடம் ஆகிவிட்டது. வாசலில் நிற்பவரின் நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை மூன்றையும் சேர்த்து ஒரே தடமாக அது படிக்கும். பதிவான தடம் என்றால் ‘நம்மவர்’ என்று சொல்லித் தாழை விலக்கும்; இல்லையென்றால் தெருவுக்கே கேட்கும்படி ஊளையிடும். முகத்தை மாற்றிக்கொண்டு வரலாம், நெஞ்சுத் துடிப்பை மாற்றிக்கொண்டு வர முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள்.

ஒவ்வொருவரும் ஏழு முறை நடக்க வேண்டும். அவருடைய மனைவி பூங்கோதை சிரித்துக்கொண்டே நடந்து முடித்துவிட்டாள். நல்லசிவத்துக்கு மட்டும் உள்ளங்கை நனைந்துகொண்டே இருந்தது. கால்சட்டைப் பையில் பூங்கோதையின் இரண்டு வளையல்களும் கிடந்தன.

ஒரு மாதத்துக்கு முன் கொடுமுடிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, திருட்டுக்குப் பயந்து அவற்றை உளுந்து டப்பாவின் அடியில் புதைத்து வைத்தவர் அவரேதான். திரும்பி வந்ததும் சுத்தமாக மறந்துபோனார். வளையலைக் காணோம் என்று பூங்கோதை பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, “சாவி இன்னொருத்திகிட்டயும் இருக்குதல்ல,” என்று சொன்னார். வீட்டு வேலை பார்த்த ரோஸ்லினின் பெயரை அவர் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ரோஸ்லின் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பயந்துபோன பூங்கோதை காவலிக்குச் சொல்லி வைத்தாள்.

அன்று காலை, தமீம் வந்து அரைமணி நேரம் கழித்து, ரோஸ்லின் இல்லாததால் தன் தலையில் விழுந்த மாவு வேலைக்காக உளுந்து அள்ளினார் நல்லசிவம். ஆழாக்கில் ஏதோ இடறியது.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசலில் துளையிடும் சத்தம் கேட்டது. சொன்னால் இத்தனையும் எதற்கு என்று ஆகிவிடும். பிறகு சொல்லலாம் என்று பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு என்பது மூன்று மாதமாயிற்று. வளையல்கள் அவருடைய பழைய ஷூவுக்குள் போயின. ஒவ்வொரு தடவை படியேறும்போதும் நெஞ்சு படபடக்கும். ‘நம்மவர்’ என்று காவலி கனிவோடு தாழை விலக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாங்க முடியாமல் வளையல்களை எடுத்துக்கொண்டு ரோஸ்லின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். எட்டு வருடம் அந்தச் சாவி தன்னிடம் இருந்ததை மட்டும் நினைவுபடுத்தினாள்.

“அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இன்னைக்குச் சொல்லிடறேன்.”

“சொல்லிப்போட்டு வந்திருக்கலாமுங்க,” என்றாள்.

அதுகூட உறைக்காத அளவுக்கு அவர் மனம் லேசாகிவிட்டது. வழியெல்லாம் நன்றாக மூச்சு வந்தது. அந்த மூச்சோடுதான் படியேறினார்.

காவலி ஊளையிட்டது. ‘அந்நியர். விலகி நிற்கவும்.’

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பூங்கோதை உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தாள். ஊளையிடும்போது உள்ளிருந்தும் கதவு திறக்காது. தமீமைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கம்பி வழியே போனை நீட்டினாள். தமீம் தன் திரையில் அவர் தடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“சார், உங்களுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குது. அதுதான் பிரச்சினை. பதிவு செஞ்ச அன்னைக்கு உங்க தடத்துல ஏதோ பெரிய பதைப்பு இருந்திருக்குது. அதுதான் நீங்கன்னு காவலி எடுத்துக்கிச்சு. தினமும் அதே பதைப்போடதான் வந்திருக்கீங்க. இன்னைக்கு அது இல்ல.”

பூங்கோதை நீட்டிய போனைத் தாழ்த்தினாள்.

“அன்னைக்கு உங்களுக்கு என்னங்க பதைப்பு?”

நல்லசிவம் வளையல்கள் கிடந்த பையை அழுத்திப் பிடித்தார். மாவு வேலை என்றோ, வெயில் என்றோ ஏதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளங்கை நனைந்தது. நெஞ்சு பழையபடி படபடத்தது.

ஊளை நின்றது. ‘நம்மவர்’ என்றது காவலி. தாழ் விலகிக் கதவு திறந்தது.

“சரியாயிடுச்சு சார்,” என்று நிம்மதியாகச் சொல்லித் தமீம் போனை வைத்தான்.

பூங்கோதை நிலைப்படிக்கு வந்து நின்றாள். திறந்த கதவைப் பார்த்தாள், பிறகு அவரை. உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

அவர் பையிலிருந்து வளையல்களை எடுத்து நீட்டினார்.

“ரோஸ்லின் எடுக்கல கோதை. உளுந்து டப்பாவுல வெச்சது நான்.” கல்யாணத்துக்குப் போன நாளிலிருந்து தொடங்கினார். ஆழாக்கில் இடறியதைச் சொன்னார். பையில் இவற்றை வைத்துக்கொண்டு ஏழு முறை நடந்ததைச் சொன்னபோது, அவர் நெஞ்சு மறுபடியும் அடங்கி மூச்சு சீரானது.

காவலி ஊளையிடத் தொடங்கியது. ‘அந்நியர். விலகி நிற்கவும்.’

கதவு திறந்திருக்கும்போது மட்டும் அதை நிறுத்தும் பொத்தான் பூங்கோதையின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் வளையல்களை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.