கடகத் தீவுகளுக்கு நால்வர்

அன்று காலை தில்லைநாயகி மூன்று இடங்களில் இருந்தாள். ஓசூரில் சித்தப்பா பேத்தியின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுக்கொண்டிருந்தாள். நாமக்கல் நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சேலம் ஏழாம் கோபுரத்தில் நூற்றுப்பதினான்காம் தளத்து வீட்டில், வீங்கிய காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதாகச் சொன்ன ஆள்தான் அசல். மற்ற இரண்டும் அவளுக்குப் பதிலாகப் போன இயந்திரங்கள், அதாவது பதிலிகள்.

பதிலி இல்லாத குடும்பம் அந்தக் கோபுரத்தில் கிடையாது. காதோரத்துச் சில்லிலிருந்து காலையில் ஒரு மனப்படி எடுத்து அதில் ஏற்றிவிட்டால் போதும். அன்றைக்கு அது நீங்களாகவே நடக்கும். உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் மனதில் அன்று கிடக்கிற கவலை வரைக்கும் அதில் இருக்கும். பொறுமையை மட்டும் வேண்டிய அளவுக்குக் கூட்டி வைக்கலாம். கல்யாணத்துக்கு எழுபது, அலுவலகத்துக்குத் தொண்ணூறு என்பது ஊர் வழக்கம். எதிரில் நிற்பவரைப் பார்த்து 'நீங்கள் அசலா, பதிலியா' என்று கேட்பது அநாகரிகம் என்பதால் யாரும் கேட்பதில்லை.

பதிலி வீடு திரும்பியதும் அதன் நினைவை நாம் இறக்கிக்கொள்ளலாம். விருந்தின் ருசி வராது, களைப்பு மட்டும் அப்படியே வரும். அது ஏன் என்று எந்த விஞ்ஞானியும் இதுவரை சொல்லவில்லை. மனிதருக்கு ஓய்வு தரவென்று செய்த பொருள் அது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியும் என்று தெரிந்தபிறகு, மூன்று இடத்திலும் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. தினமும் மாலை ஆறு மணிக்கு மூன்று பேருடைய கால்வலியும் தில்லைநாயகியின் ஒரு ஜோடிக் காலில் வந்து இறங்கும்.

அவளுக்கு அன்றைய கவலை கல்யாணமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. எதிர்ச்சுவரில் ஒளிர்ந்துகொண்டிருந்த பட்டியல்தான் கவலை. கடகத் தீவுகளில் மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்குவதற்கான பட்டியல் அது. கடகரேகையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் இருபத்துமூன்று தீவுகள். வெயிலும் குளிரும் அளவோடு இருக்கும். மணலும் மரமும் கடலும் தவிர வேறொன்றும் அங்கே இருக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு குடும்பத்துக்கு அனுமதி கிடைக்க ஏழு வருடம் ஆகும்.

மகள் வஞ்சிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளியில் அந்தத் தீவுகளின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "கண்டிப்பா போலாம்டி" என்று தில்லைநாயகி வாக்குக் கொடுத்தாள். இப்போது வஞ்சிக்கு இருபத்தொன்று. கிடைத்த தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தாகிவிட்டது. இனிமேல் தள்ள முடியாது. பயணம் முடிந்த ஒன்பதாம் நாள் வஞ்சி செவ்வாய்க் குடியேற்றத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஒன்பது வருட ஒப்பந்தம். அங்கிருந்து ஒரு வார்த்தை பூமிக்கு வந்துசேரச் சில சமயம் இருபது நிமிடம் ஆகும். 'சாப்பிட்டியா' என்று இங்கிருந்து கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவளுக்கே பசித்துவிடும்.

தில்லைநாயகிக்கு மகளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. உனக்கு நிஜமாகவே போக வேண்டும் என்று இருக்கிறதா? மூன்று மாதமாக அந்தப் பெண் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். தூங்குவதில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் கேட்கப் போகும்போதெல்லாம் இருவரில் ஒருவருக்கு அவசரம். தீவில் நெருப்பு மூட்டி உட்காரும்போது கேட்டுவிடுவது என்று அவள் மனதில் முடிந்து வைத்திருந்தாள். அந்தப் பயணமே அவளுக்கு அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அன்று மாலை திட்டக் கூட்டம் கூடியது. அது நாற்பத்தோராவது கூட்டம். கணவன் சேந்தன் மேகம் மேய்க்கும் துறையிலிருந்து ஈரச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். மாமனார் ரித்விக்குக்குத் தொண்ணூற்றுமூன்று வயது. ரித்விக் என்பது கிழவர்களுக்கே உரிய அந்தக் காலத்துப் பெயர். அந்தக் கோபுரத்தில் மட்டும் ஆறு ரித்விக் தாத்தாக்கள் இருந்தார்கள்.

"ஆளுக்கு ஆறு கிலோதான் மாமா கணக்கு. உங்க தலையணையே ரெண்டு கிலோ இருக்கு."

"எனக்கு வேண்டாம்மா. கழுத்து புடிச்சுக்கிட்டா புடிச்சுக்கிட்டுப் போவுது. உங்க சௌகரியம்தான் முக்கியம்."

அவர் அப்படிச் சொன்னால் தலையணை வருகிறது என்று அர்த்தம். தில்லைநாயகி பட்டியலில் ஏற்றினாள்.

"கூடாரம் ஏன் இப்படிக் கத்திரிக்காய் கலர்ல இருக்கு?" என்றான் சேந்தன்.

"போன வாரம் நீங்கதானே சரின்னு தலையாட்டுனீங்க?"

"அது நான் இல்ல, பதிலி. அசதியா இருந்துச்சுன்னு பொறுமைய நூறுல வெச்சு அனுப்பிட்டேன். நூறுல வெச்சா அது எதுக்கும் தலையாட்டும்."

வஞ்சி ஒரு கோடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எல்லாருக்கும் முடிஞ்சா மட்டும் போலாம். எனக்கு எப்படின்னாலும் ஓகேதான்."

"உனக்காகத்தானேடி போறோம்!"

"நான் உங்களுக்காகத்தான் வரேன்."

"நான் உங்க ரெண்டு பேருக்காகத்தான் லீவே போட்டிருக்கேன்" என்றான் சேந்தன்.

"எனக்கென்னப்பா, புள்ளைங்க ஆசைப்படுதேன்னு பாக்கறேன்" என்றார் ரித்விக்.

ஆக, நான்கு பேரும் மற்ற மூன்று பேருக்காகப் போவது என்று ஏகமனதாக முடிவானது. 'எனக்கு முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அன்பு என்றால் சொல்லாமல் இருப்பதுதான் என்று நம்பிய குடும்பம் அது.

புறப்படும் நாள் வெள்ளிக்கிழமை. மேட்டூர் பறப்புத்துறைக்கு ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலிருந்து நேராக வந்துவிடுவதாகத் திட்டம். வஞ்சி ஏற்காட்டுப் பயிற்சி முகாமிலிருந்து வருவாள். சேந்தன் வேலை முடித்து வருவான். ரித்விக் அறுபதாம் தளத்து நண்பர் வீட்டில் தங்கிவிட்டு வருவார்.

வெள்ளிக்கிழமை காலை தில்லைநாயகியால் எழுந்திருக்க முடியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. உடம்பு மாட்டேன் என்றது, அவ்வளவுதான். மூட்டையைத் தூக்கி, கூடாரம் அடித்து, மாமனாரின் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்து, இடையில் சேந்தனிடம் சண்டை போட்டு, கடைசியில் மகளிடம் எரிந்து விழுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்க வேண்டிய கேள்வியை அந்த எரிச்சலோடுதான் கேட்பாள். அதற்குப் பதிலாகப் பொறுமை நிறைந்த ஒரு அம்மாவை அனுப்பினால் குழந்தைக்கு நல்லதுதானே? திங்கட்கிழமை நினைவை இறக்கினால் எல்லாம் தெரிந்துவிடப் போகிறது. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு, பொறுமையை நூறில் வைத்து, பதிலியின் தோளில் மூட்டையை மாட்டி அனுப்பினாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே தூங்கியும் போனாள்.

எழுந்தபோது மதியம் மூன்று மணி. காபி போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாசல் கதவு திறந்தது. கக்கத்தில் தலையணையோடு ரித்விக் நின்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கிழவர்தான் சுதாரித்தார்.

"முட்டி ஒத்துழைக்கலம்மா. என்னால உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமேன்னு... நீ ஏன் போகல?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு மறுபடியும் திறந்தது. சேந்தன் உள்ளே வந்தான். இருவரையும் பார்த்ததும், திருடிய இடத்திலேயே மாட்டிக்கொண்டவன்போல் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மூணு வாரமா தூங்கலடி தில்லை. அங்க வந்து நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எல்லாருக்கும் கஷ்டம். அதான்."

"அப்போ வஞ்சி?" என்றாள் தில்லைநாயகி. "ஐயோ, குழந்தை அங்க மூணு பதிலிகூடத் தனியா நிக்குதுங்க!"

சேந்தன் தன் பதிலியின் கண்ணைச் சுவர்த்திரைக்குத் திருப்பினான். வெள்ளை மணல் தெரிந்தது. கத்திரிக்காய் நிறக் கூடாரம் ஒரு மூலைகூடச் சாயாமல் நின்றது. கடலில் முழங்கால்வரை இறங்கி நின்ற வஞ்சி, தில்லைநாயகியின் பதிலி என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து வருடக்கணக்காகிறது. அந்தச் சிரிப்பு ஒரு இயந்திரத்திடம் போய்விட்டதே என்று நினைத்தாள் தில்லைநாயகி.

"அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

"காபி இருக்காம்மா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

வஞ்சி தன் அறை வாசலில் கலைந்த தலையோடு நின்றாள். கூடத்தில் மூன்று பேரையும் பார்த்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"நான் ஒன்பது மணிக்கே வந்துட்டேன். உன் ரூம் சாத்தியிருந்துச்சு, கிளம்பிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "உங்க யாருக்கும் முடியலன்னு தெரியும்மா. எனக்கும் முடியல. வந்தா கடுகடுன்னு இருந்து எல்லாத்தையும் கெடுத்துடுவேன்னு பயமா இருந்துச்சு."

"பொறுமை எவ்வளவு வெச்சே?" என்றார் ரித்விக்.

"நூறு."

"நானும்தான்."

நான்கு பேரும் நூறு. முதலில் கிழவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கவும் தெம்பில்லாதவர்கள் சிரிக்கிற மாதிரி. தீவில் பெயர் பதிந்த நால்வருக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் இனிப் போகவும் வழியில்லை. முதல் நாள் இரவே கட்டி, மூட்டையில் வைக்க மறந்த புளியோதரை தூக்கோடு அடுக்களையிலேயே இருந்தது. தில்லைநாயகி அதைக் கூடத்துக்கு எடுத்துவந்தாள். ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தட்டுகூட எடுக்காமல் தூக்கிலிருந்தே சாப்பிட்டார்கள். நான்கு அசலும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. புளி கொஞ்சம் தூக்கல் என்றான் சேந்தன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

சுவரில் தீவுகளின் பின்னால் வெயில் இறங்கியது. பதிலிகள் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டின. சேந்தனின் பதிலி கிழவரின் பதிலிக்குப் போர்வை போர்த்திவிட்டது. நாலும் பழைய கதைகள் பேசின. ஒன்று பேசும்போது மற்றவை கேட்டன.

"எவ்வளவு அழகா பேசிக்கறோம் பாரு" என்றார் ரித்விக். சோபாவில் மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒலியைக் கூட்டினார்கள்.

அப்போது தில்லைநாயகியின் பதிலி வஞ்சியின் பதிலிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அதன் தலையைக் கோதிவிட்டது. "ஒண்ணு கேக்கட்டுமாடி? உனக்கு நெஜமாவே போகணும்னு இருக்கா?"

வஞ்சியின் பதிலி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக வாயெடுத்தது.

தில்லைநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கிக் குனிந்தாள். மூன்று மாதமாகக் காத்த நேரம் வந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வஞ்சி அம்மாவின் மணிக்கட்டைப் பற்றினாள். அவள் கை சில்லென்று இருந்தது. "அம்மா" என்றாள். "அம்மா, நான் வந்து..."

"ஸ்ஸ்! கொஞ்சம் சும்மா இருடி" என்றாள் தில்லைநாயகி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ என்ன சொல்றேன்னு கேக்க விடு."