கருப்புக்குள் போகாத ஸ்கேனர்

ஸ்கேனருக்குள் விளக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரகரவென்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பாதித் தூரத்தில் சத்தம் நின்றது. மூன்று விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊர்ந்தது.

முத்துநாயகம் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பழைய மெஷின், பெல்ட் தேய்ந்திருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். முதல் நெகட்டிவுக்கும் இரண்டாவதுக்கும் அது நிற்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மதியத்திலிருந்தே அருமனைக் கடைத்தெருவில் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. ஸ்டுடியோவின் பின்னறைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் தெருவில் போகிற பஸ்கூடக் கேட்கவில்லை. ஈரச் சுவரின் வாடையும், பக்கத்துக் கடையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும், சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்து அறையில் நின்றன. ரெஜிலா ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, எங்கம்மைக்க அடக்கத்துக்கு நீங்கதானே படம் எடுத்திய? நெகட்டிவ் இருக்கா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரைப்போல, "இருக்கு மக்கா" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்பம் ஸ்கேன் பண்ணித் தாங்க. மெஷின் நான் வாங்கித் தாரேன். நல்லதாப் பாத்துச் சொல்லுங்க."

"நானே பாத்து வாங்குதேன். நீ ஒண்ணும் அனுப்பாண்டாம்."

நல்லது என்பதுதான் அவருக்கு ஆகாது. மார்த்தாண்டத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற ரதீஷிடம் கேட்டார். அவன் பொறுமையாக விளக்கினான்.

"ஒங்க நெகட்டிவ் பெருசாக்கும் அண்ணே. ஆபீஸ் ஸ்கேனர்ல ஃபிலிம் விழாது, மூடியிலயும் லைட் வேணும். சிலதுல மூடிக்கு நடுவுல ஒரு பட்டைதான் லைட்டு. அது சின்ன ஃபிலிமுக்கு. ஒங்களுக்கு மூடி முழுக்க வேணும், புதுசுன்னா விலை கூடுதல். இல்லேன்னா கீழ லைட்டு வச்சு, கேமராவுல துண்டு துண்டாப் பக்கத்துல போயி எடுத்து ஒட்டலாம்."

"பக்கத்துல போவாண்டாம்."

"ஒரு பழசு கெடக்கு. மூடி முழுக்க லைட்டு உண்டு, விலையும் கொறைவு. ஆனா கட்டிக் கருப்புக்குள்ள அது போவாது. வெள்ளையெல்லாம் சுண்ணாம்பா வெளுத்துரும்."

"அதத்தான் தேடுதேன்."

"கண்ணு தெரியாத மெஷினக் கேட்டு வாங்குத ஆள இப்பதான் பாக்கேன்" என்று ரதீஷ் சிரித்தான்.

நெகட்டிவில் வெளிச்சமெல்லாம் கருப்பு. ரெஜிலாவின் அம்மை ஜெயபாயின் பவுடர் பூசிய முகமும் வெள்ளைச் சேலையும் அதில் மை கொட்டியதுபோல இருக்கும். மலிவு மெஷினுக்கு அந்தக் கருப்பைத் தாண்டிப் பார்க்கத் தெம்பு கிடையாது. முகம் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். ரெஜிலா மெஷினைக் குறை சொல்வாள், அவரைச் சொல்லமாட்டாள். இப்படி யோசிக்கத் தெரிந்த தன் புத்தியை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாங்கினார்.

அடக்கத்தன்றும் இதே மழைதான். விடியற்காலை வலிப்பு வந்து ஜெயபாய் அடங்கிவிட்டாள் என்றார்கள். ஆற்றுப்பாலம் முங்கிக் கிடந்ததால் டாக்டர் யாரும் வரவில்லை. வயது முப்பத்திநாலு. சாயங்காலமே அடக்கம். பெட்டியை மூடுவதற்கு முன் முற்றத்தில் வைத்து, சொந்தக்காரர் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். பெரிய மரக் கேமராவில் மூன்று படம் எடுப்பார்கள். முத்துநாயகத்துக்கு அப்போது இருபத்தேழு வயது, தனியாகப் போன முதல் அடக்கம். இரண்டு எடுத்தாயிற்று. சகதியில் கேமராவின் கால் புதைந்ததால், மூன்றாவதற்குமுன் மறுபடி கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழான அந்த முகத்தில் இமை அசைந்தது.

தலையை வெளியே எடுத்தார். போதகர் வேதப்புத்தகத்தை மழைக்கு மறைத்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் எடுலே, பெட்டி நனையுது" என்று யாரோ அதட்டினார்கள். சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அடிப்பார்கள். கண் மயக்கமாக இருக்கும். எடுத்தார். பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள்.

மறுநாள் நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கருத்த முகத்தில் கருப்பு விழாத இரண்டு தெளிவான புள்ளிகள் இருந்தன. திறந்த கண்கள். அப்போதும் கல்லறைக்கு ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. பென்சிலைக் கூராகச் சீவி, பருவும் தழும்பும் மறைக்கிற அதே கை நேர்த்தியோடு, அந்தப் புள்ளிகளின்மேல் முகத்தின் கருப்புக்கே கோடு கோடாக நிரப்பி, படத்தில் இமையை மூடினார்.

ஸ்கேனர் ஓய்ந்தது. முத்துநாயகம் திரைக்குத் திரும்பினார்.

முகம் வெளுக்கவில்லை. பவுடரின் வெடிப்பு தெரிந்தது. மூக்கில் வைத்த பஞ்சின் நார்கூடத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன.

நெகட்டிவை எடுத்து ஜன்னலில் பிடித்தார். பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன, ஒன்றுகூட அழியவில்லை. மறுபடி வைத்து மூடினார். கரகரப்பு. அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை ஐந்து விநாடி.

கண்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அங்கே, பெட்டியின் தலைமாட்டில், ஆறு வயது ரெஜிலா. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். சித்திக்காரி அவள் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகையை அடக்கத்தான் என்று அன்று நினைத்தார்.

மூன்றாம் தடவை. பத்து விநாடி.

கண்கள் நேராக அவரைப் பார்த்தன.

அறையில் புதிதாக ஒரு வாசனை வந்தது. அன்று பெட்டிக்குள் தெளித்த கொலோன். நனைந்த ரோஜா. அவர் மின்வயரை உருவக் குனிந்தார். விரல் வயரைத் தொடுவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"மாமா."

ரெஜிலா சொட்டும் குடையோடு வாசலில் நின்றாள். அவர் திரையை அணைப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மெஷின் பழசாக்கும் மக்கா. தப்பும் தவறுமா வருது…"

"அம்மை என்னப் பாத்துது மாமா. நான் சொன்னேன். சித்தி வாயப் பொத்துனா. பொறவு வீட்டுல வச்சு என்ன அடிச்சாவ. சின்னப் பிள்ளைக்க கனவுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானும் அப்பிடித்தான்னு நம்பப் பாத்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தத் துணிக்குள்ள நீங்க தலைய வச்சிருந்திய. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்காக்கும் நெகட்டிவ் கேட்டேன். நீங்க பாத்தியளா?"

செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

"பாத்தேன்."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கையை நீட்டி, ஸ்கேன் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

விளக்கு ஊர்ந்தது. இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கியது. ஓலைப் பந்தல். குடைகள். பின்வரிசைத் தலைகள். போதகரின் நெற்றி. போதகரின் கண்கள் மூடியிருந்தன.

போதகருக்குப் பக்கத்தில் நின்றவருக்கும். அடுத்தவருக்கும். சித்திக்கும். இருபத்துமூன்று பேர். எல்லாருடைய இமையும் கோடு கோடாக, நெருக்கமாக, சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தது. அந்தக் கைவேலை யாருடையது என்று முத்துநாயகத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை ரெஜிலாவின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. பெட்டி இன்னும் திரைக்கு வரவில்லை. இன்னும் நாலு வரி. மூன்று.

"மாமா, ஏன் கண்ண மூடுதிய? பாருங்க."

"மூடலியே மக்கா."

மூடவில்லை. விரிய விரியத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் திரை இல்லை. ரெஜிலா இல்லை. மழைச் சத்தம் மண்ணுக்கு மேலே எங்கோ தூரத்தில் கேட்டது. எதிரே கட்டிக் கருப்பு. கையை நீட்டினார். ஒரு முழத்தில் பலகை தட்டியது.

அந்தக் கருப்புக்குள், முகத்துக்கு மிகப் பக்கத்தில், தெளிவாக இரண்டு புள்ளிகள்.

இமைத்தன.