ஓர விளக்கு மட்டும் போதும்!

"பச்சை வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"பச்சையா? இது பச்சையே இல்லை மிஸஸ் டோலஃப்சன்! கம்பெனிக்காரன் இதுக்கு 'வசந்தப் பாசி'ன்னு பேர் வெச்சிருக்கான்!"

"பாசி எங்க மாட்டுத் தொட்டியிலேயே நிறைய இருக்கு. வெள்ளை போடுங்க."

வெர்ன் ஹாக்டால் சிரித்துக்கொண்டே கார் ஆர்டர் படிவத்தில் 'வெள்ளை' என்று எழுதினான். கில்பெர்ட்சன் மோட்டார்ஸின் விற்பனைப் புலி. அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் ஏராளம்.

ஆர்டிஸ் டோலஃப்சன் சிரிக்கவில்லை.

அவள் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது!

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அவள் கணவன் ஓரின், ரோட்டோரத் தபால் பெட்டியில் கடிதம் எடுக்கப் போனான். ஒரு கார் அவனை அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. பனியில் கிடந்தான் ஓரின்.

உயிரோடு!

"உடனே தூக்கிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார்" என்றார் டாக்டர்.

அந்த வாக்கியம் அவள் நெஞ்சில் கொள்ளிக்கட்டை மாதிரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

"கூரைக்கு வினைல் உறை போட்டுடலாமா? டாக்டர் லிண்ட்க்விஸ்ட் போட்டிருக்கார்."

"ஏன், அவர் காருக்குக் குளிருதாமா?"

"ஹஹ்ஹா! சரி, வெல்வெட் சீட்? பாங்க் மானேஜர் வீட்ல அதான்."

"வேண்டாம்."

"டேப் பிளேயர்? நம்ம பாஸ்டரே வாங்கியிருக்காரு!"

"பாஸ்டர் என்னத்தைக் கேட்பார்?"

"அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில உள்ள சமாச்சாரம்!"

வெர்னின் வியாபாரமே இப்படித்தான். ஒவ்வொரு ஆப்ஷனோடும் ஓர் அண்டை வீட்டுக்காரரின் பெயரைக் கட்டி விற்பான். இந்த ஊரில் யாருக்கும் முதல் ஆளாக வாங்கத் துணிச்சல் இல்லை. கடைசி ஆளாக வாங்கவும் மனசு வராது.

அவன் வாயில் வராத ஊர்க்காரன் இல்லை என்பது ஆர்டிஸுக்குத் தெரியும்.

அதற்காகத்தான் வந்திருக்கிறாள்!

"ஒண்ணு கேட்கணும் வெர்ன்... வண்டி திரும்பறப்போ ஓரத்துல வெளிச்சம் அடிக்குமே, முன்பக்க மட்கார்டுல... அந்த விளக்கு கிடைக்குமா?"

வெர்னின் பேனா நின்றது.

"ஓர விளக்கா? அதை யாரும் கேட்கிறதில்லையே."

"நான் கேட்கிறேன். இங்கே யார் கார்ல இருக்கு?"

கைப்பையைத் திறந்தாள். கட்டை விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை மேஜை மேல் வைத்தாள். வரி வரியான கண்ணாடி. தபால் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. 'ஏதோ பாட்டில் துண்டு ஆர்டிஸ்' என்று ஊர்ப் போலீஸ் தலைவன் ஷெரிஃப் மிலோ ப்ரெக்கி திருப்பிக் கொடுத்தது. போன வாரம் மினியாபொலிஸில் ஒரு காரின் பக்கவாட்டில் இதே வரிகளைப் பார்த்தபோதுதான் அது கார் விளக்கின் துண்டு என்று அவளுக்குப் புரிந்தது.

வெர்ன் வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க... நம்ம மாவட்டத்துல ஒரே ஒரு கார்லதான் அது இருக்கு."

"யார் கார்?"

"ஷெரிஃப் மிலோவோட சொந்தக் கார்!"

ஆர்டிஸ் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது கவிழ்ந்தது.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் கஃபே. வாசலில் மிலோவின் மெரூன் கார் நின்றது. குனிந்து பார்த்தாள். இடது பக்கத்து ஓர விளக்கு, ரோட்டு உப்பு அடித்து மங்கிக் கிடந்தது.

வலது பக்கத்து விளக்கு... பளபளவென்று புத்தம் புதுசு!

கஃபே கதவை உதைத்துத் திறந்தாள்.

"மிலோ! எழுந்திருடா!"

ஆப்பிள் கேக்கை வாய்க்குக் கொண்டுபோன ஷெரிஃப்பின் கை அந்தரத்தில் நின்றது. கஃபே முழுக்கத் திரும்பியது.

"ஆர்டிஸ்... என்ன இது, எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும்! பள்ளிக்கூடத்துல என் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்தவன்... என் புருஷனை அடிச்சுப் போட்டுட்டு, சாவுக்கு வந்து என் கையைப் பிடிச்சு அழுதியே, வெட்கமா இல்லை?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"உன் கார்ல வலது பக்க ஓர விளக்கு மட்டும் எப்படிப் புதுசு? பதில் சொல்லு!"

மிலோவின் முகம் சிவந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஆர்டிஸ், எனக்கு அந்தக் கார் வந்ததே பிப்ரவரியில. ஓரினை அடக்கம் பண்ணதுக்கு அப்புறம்!"

"பொய்!"

"பொய் இல்லை. இந்த விளக்கு, வெங்காயம் எல்லாம் நானா கேட்டு வாங்குவேன்? என் பழைய கார்ல ரேடியோகூடக் கிடையாது. ஆர்டர் பண்ணா எட்டு வாரம் ஆகும்னாங்க. அதுக்குப் பதிலா டெமோ காரைத் தள்ளுபடியில வாங்கிட்டேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

டெமோ கார்!

ஆர்டிஸுக்கும் பொறி தட்டியது. பார்க்கிறவனுக்கு ஆசை கிளம்பட்டும் என்று கம்பெனி எல்லா ஆப்ஷனையும் போட்டு, விற்பனையாளன் கையில் கொடுக்கும் கார். பகலில் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவான். சாயங்காலம் அதிலேயே வீட்டுக்குப் போவான்.

"வெர்ன் வீடு எங்க ரோட்டைத் தாண்டித்தானே இருக்கு..." என்றாள்.

"தானா என் ஆபீசுக்கு வந்து விலையைக் குறைச்சான் ஆர்டிஸ்! நம்ம மேல எவ்வளவு பிரியம்னு நானும் மயங்கிட்டேன்." மிலோ தொப்பியை எடுத்தான். "ஷெரிஃப் காரை எவன் நிறுத்திச் சோதனை போடப் போறான்! ராஸ்கல்... என் வீட்டு ஷெட்டுலயே ஒளிச்சு வெச்சிருக்கான்!"

இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.

வெர்ன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கே கிளம்பிட்ட?" என்றான் மிலோ.

"சாப்பிடத்தான்..."

"அப்புறம் சாப்பிடலாம். எனக்கு வித்த கார்ல வலது பக்க ஓர விளக்கை எதுக்கு மாத்தின?"

"அதுவா? மான் மிலோ! ஜனவரியில ஒரு மான் குறுக்கே பாய்ஞ்சிடுச்சு..."

"அப்படியா? கறி எங்கே?"

"என்னது?"

"கறி! மானை இடிச்சவன் தன் காரைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். கறியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சீட்டு கேட்டு முதல்ல என்கிட்டதான் ஓடி வருவான். போன வருஷம் பாஸ்டரே வந்தார், ரத்தக் கையோட! குளிர்காலம் பூரா தின்கிற சாஸேஜை ரோட்டுல விட்டுட்டு வந்த ஒரே ஆள் நீதானா?"

"அது... சின்ன மான்..."

"நீ முயலை இடிச்சாலே கஃபேல ஒரு வாரம் கதை சொல்லுவ. இதை மட்டும் ஏன் மூச்சு விடலை?"

வெர்னின் உதட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடி கழன்ற டப்பா மாதிரி கோணலாக!

"ரெண்டு கிளாஸ் குடிச்சிருந்தேன்... டெமோவை இடிச்சா வேலை போயிடும் மிலோ... பனியில ஒண்ணும் தெரியலை..."

ஆர்டிஸ் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"இறங்கிப் பார்த்தியா?"

வெர்ன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"பார்த்தியாடா?"

"பார்த்தேன்..." வெர்ன் அழுதான். "அவர்... என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்..."

பளார்!

கண்ணாடிச் சுவர்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது மிலோ தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் நிதானமாக விலங்கை எடுத்து மாட்டினான்.

"பாட்டில் துண்டுன்னு சொன்னியே மிலோ..." என்றாள் ஆர்டிஸ். "உன்னையும் நான் சும்மா விடப்போறதில்லை."

"தெரியும்." மிலோ தலை குனிந்தான். "நான் என்ன செய்யணும்னு சொல்லு ஆர்டிஸ்."

அவள் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இவனுக்கு உன் ஜெயில்ல ஒரு ரூம் ஆர்டர் பண்றேன். எட்டு வாரமெல்லாம் காத்திருக்க முடியாது, இன்னிக்கே டெலிவரி வேணும்... ஹீட்டர் மட்டும் வேண்டாம். கொஞ்சம் எழுதிக்கிறியா?"