மகனுக்குச் சாளரக் கட்டணம்

மனிதகுலம் மண்ணின் பிடியை உதறிவிட்டு விண்வெளியைத் தன் வீட்டு முற்றமாக்கிக்கொண்ட மகத்தான நூற்றாண்டு அது. முற்றத்தில் கால் ஊன்றி நிற்க மட்டும் தனிக் கட்டணம்.

பூமியைச் சுற்றிவந்த 'பேரண்ட மாளிகை' என்னும் உல்லாச விடுதியில் காலை உணவு நேரம். ஈர்ப்புக் கட்டணம் செலுத்தியவர்கள் தரையில் நடந்து, மேசையில் உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டார்கள். செலுத்தாதவர்கள் கூரையோரம் மிதந்தபடி, ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, தப்பிப் பறந்த சாம்பார் உருண்டைகளை வாயால் துரத்தினார்கள். தினமும் நடப்பதுதான். யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

பாளையங்கோட்டை தாணுமூர்த்தி கூரைக்காரர். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்து வைத்திருப்பவர். மனைவி உலகம்மாளும் பதினைந்து வயது மகள் மதிவதனியும் அவருக்கு எதிர்மூலையில் மிதந்தார்கள்.

"கீழ நடக்கானுவளே, சாயங்காலம் பாரு, ஒருத்தனுக்கும் காலு நிக்காது. நமக்கு அந்த நோக்காடே கெடையாது," என்றார் தாணுமூர்த்தி, அந்த மூலைக்குக் கேட்கும்படி.

"நமக்குக் காலே தேவையில்லங்கீங்க," என்றாள் உலகம்மாள்.

டிக்கெட் என்னவோ ஏவுதளத்துக்கு வந்த ஆட்டோவைவிட மலிவுதான். அந்த மலிவைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். ராக்கெட் கதவு சாத்திய பிறகுதான் மற்றவை ஆரம்பித்தன. சுவாசிக்கும் காற்றைச் சுத்தம் செய்யக் கட்டணம். கட்டணம் ஏன் என்று விளக்கம் கேட்டால் அதற்கொரு கட்டணம். "பகல் கொள்ளையாக்கும் இது, ஊரான் காச கூசாம திங்கானுவ," என்று பொருமிக்கொண்டே, ஒவ்வொன்றிலிருந்தும் நழுவ அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குடும்பம் அருகருகே இருப்பதற்கு 'அண்மைக் கட்டணம்' என்று ஒன்று வந்தபோது, விடுதிப் பணிக்கான இயந்திரத்திடம் அவர் தயங்கவே இல்லை.

"இந்தப் பொம்பள யாரு, அந்தப் பிள்ள யாருன்னே எனக்குத் தெரியாது தம்பி. வண்டியில சேந்து வந்தோம், அம்புட்டுத்தான்."

அந்த இயந்திரத்துக்குப் 'பரிவன்' என்று நிறுவனம் பெயர் சூட்டியிருந்தது. பரிவன் தலைவணங்கி, மூவரையும் அந்நியர்கள் என்று பதிந்துகொண்டது. மிச்சமான தொகையைத் தாணுமூர்த்தி மனதுக்குள் தடவிக்கொடுத்தார். உலகம்மாள் அன்றிலிருந்து அவரோடு அளந்துதான் பேசினாள்.

இவ்வளவும் எதற்காக? ஒரு படத்துக்காக. அவருடைய சகலை மாசானமுத்து போன வருடம் இங்கே வந்து, முதுகுக்குப் பின்னால் பூமி நீலமாக உருள ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். அதிலிருந்து காதுகுத்தோ கருமாதியோ, எந்த வீட்டுப் பேச்சும் அந்தப் படத்தில்தான் போய் முடிந்தது. தாணுமூர்த்தி வந்தது பூமியைப் பார்க்க அல்ல. பூமிக்கு முன்னால் தாம் நிற்பதை மாசானமுத்து பார்க்க. அன்று பிற்பகல் ஊர் திரும்பும் ராக்கெட் கிளம்பிவிடும். அதற்குள் ஒரே ஒருமுறை சாளர மண்டபம் திறக்கும்.

பணம் கட்டாத கண் எதுவும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று, அங்கே ஒவ்வொரு சாளரமும் ஒரு கூண்டுக்குள் இருந்தது. கூண்டில் ஓர் இருக்கை. ஆள் உட்கார்ந்தால்தான் திரை விலகும். தாணுமூர்த்தி ஒரே இருக்கைக்குக் கட்டியிருந்தார். மூவரும் மாறி மாறி உட்கார்ந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மண்டபக் கதவு திறந்தது. இந்தியா தெரியும் சாளரத்தை நோக்கி, ஈர்ப்புக் கட்டணம் கட்டிய ஒரு குடும்பம் காலை வீசி நடந்தது. மிதப்பவரால் ஓட முடியாது. ஆனால் பஸ் ஜன்னலுக்குள் துண்டைப் போட்டு இடம் பிடித்த பரம்பரை அவருடையது. தோளில் கிடந்த துண்டை உருவி, கழுத்து வியர்வையை ஒற்றி, சுருட்டி எறிந்தார். எடையற்ற வெளியில் துண்டு நூல் பிடித்தாற்போல நேராகப் போய் இருக்கையில் விழுந்தது. எறிந்த வேகத்துக்கு ஈடாக அவர் பின்னால் போய்ச் சுவரில் மோதினார்.

அவர் நீந்தி வந்து சேர்வதற்குள், இருக்கையின் பட்டைகள் துண்டை வாஞ்சையோடு அணைத்துப் பூட்டிக்கொண்டன. பரிவன் வந்து நின்றது.

"பயணி வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறார். மரபணு தங்களோடு பொருந்துகிறது, ஐயா. தங்கள் புதல்வரா?"

"ஏ தம்பி, அது துண்டுல்லா."

"தோற்றத்தை வைத்துப் பயணியரைத் தாழ்த்துவது எங்கள் நெறிக்கு முரண், ஐயா. பயணி இல்லை என்றால் அவர் அனுமதியற்ற பொருள். பொருளை அகற்றக் கட்டணம் உண்டு."

தொகையைச் சொன்னது. அது அவர் இதுவரை நழுவிவந்த எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"மவன்னு சொன்னா?"

"குழந்தைகளுக்கு இலவசம், ஐயா."

"மவன்தான்," என்றார் தாணுமூர்த்தி.

உலகம்மாள் கூரையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "பதினெட்டு வருசமா ஒங்ககூட குப்ப கொட்டுதேன், நான் யாரோ. பெத்த பிள்ள யாரோ. ஒத்தத் துண்டு ஒங்களுக்கு மவனாக்கும்."

"சும்மா கெடட்டி, காரியம் கெட்டுரும்."

"பேர் என்னப்பா வைக்கப் போறீங்க?" என்றாள் மதிவதனி. "தாத்தா பேரா?"

பரிவன் இருவரையும் மரியாதையாக விலக்கியது. அந்நியர்கள் குழந்தையின் கூண்டை நெருங்கக் கூடாதாம். குழந்தையை இருக்கையிலிருந்து எழுப்பவும் விதி இல்லை. தகப்பன் மட்டும் பக்கத்தில் நிற்கலாம்.

"ஏட்டி, அங்கன இருந்தாவது ஒரு படம் எடேன்."

"முன்னப் பின்ன தெரியாத ஆம்பளைய நான் எதுக்குப் படம் எடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் மகளோடு வாசல் பக்கம் நீந்திப் போனாள்.

வேறு வழியில்லாமல் அவரே கையை நீட்டி எடுத்தார். சாளரம் நிறையப் பூமி; குமரிமுனைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. முன்னால் அவர், பக்கத்தில் பட்டை கட்டிய துண்டு. மாசானமுத்துவின் பூமியைவிட இது பெரிசு என்பதில் சந்தேகமே இல்லை. படத்தை அனுப்புவதற்கான கட்டணத்தை மட்டும் முகம் சுளிக்காமல் கட்டினார். துல்லியம் கூட்டுவதற்கென்று கேட்டதையும் கட்டினார். கீழே ஒரு வரியும் எழுதினார்: 'யாருக்கும் கடன்படாத ஒரு சாமானியனின் பயணம்.'

சற்று நேரத்தில் மாசானமுத்துவிடமிருந்து பதில் வந்தது. அதே படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கி, குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்பியிருந்தார்.

துண்டின் ஓரத்தில், குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் பெயருக்குக் கீழே, 'அறையை விட்டு எடுத்துச் செல்லக் கூடாது' என்று அச்சிட்டிருந்தது.