பதினொரு சிவப்புக் கோடுகள்

வேலை வழிகாட்டல் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி... அவளுக்கு எதிரே. மழையில் நனைந்த தலையோடு ஓடிவந்து அவன் அதில் உட்கார்ந்தான்.

"எதிர்ல இருக்கறவங்களோட பயோடேட்டாவை மாத்திக்குங்க. தயவு தாட்சண்யம் பாக்காம திருத்துங்க," என்றார் ஆலோசகர்.

பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பு, கடைசி வருடம். பகலில் அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடம்.

நிமிர்ந்தான். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி... அவள் சட்டென்று குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்த தாளில் பதினொரு சிவப்புக் கோடுகள். 'உதவினேன்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்திருந்தான்.

"என்னங்க இது?"

"மெஷினைச் சரிபார்க்க உதவினேன், புதுசா வந்தவங்களுக்குப் பயிற்சி தர உதவினேன்... யாருக்கு உதவினீங்க?"

"சூப்பர்வைசருக்கு."

"அவர் என்ன செஞ்சாரு?"

"...கையெழுத்துப் போட்டாரு."

"அப்ப அவர்தாங்க உங்களுக்கு உதவியிருக்காரு!"

பக்கத்து மேஜை சிரித்தது. அவளுக்குக் காது சூடானது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு லேப் பத்தி என்ன தெரியும்?"

நாக்கு முந்திக்கொண்டது. அவன் முகம் விளக்கணைந்த மாதிரி ஆனது. தாளோடு வெளியேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, ஒரு பெரிய மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு. பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்பு. இதற்காகத்தான் இத்தனை வருடப் படிப்பு.

"இதுவரை என்ன செய்தீர்கள்?"

'உத...' என்பதுவரை வாய்க்கு வந்துவிட்டது. பதினொரு கோடுகளும் கண்முன் நின்றன.

"கூடத்தை நான்தான் நடத்தினேன்," என்றாள். தன் குரலா இது... இவ்வளவு தெளிவாக?

திங்கட்கிழமை, வகுப்பு வாசலில் அவனை வழிமறித்தாள்.

"வேலை கிடைச்சிருச்சு. அன்னிக்குப் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க."

"விடுங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க இதைவிட நல்லாத் திட்டுவாங்க."

சிரித்துவிட்டாள். வெளியே மழை தொடங்கியிருந்தது.

"வந்து... ஒருவேளை... உங்களுக்கு முடிஞ்சா... ஒரு காபி..." என்று இழுத்தான்.

"அந்தச் சிவப்புப் பேனா எங்க?"

"எதுக்குங்க?"

"இதுல காபியைத் தவிர எல்லாத்தையும் அடிக்கணும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இந்த முறை அவள் குனியவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதுல எதையாவது அடிங்க, பார்ப்போம்."

பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போன அவன் கை அங்கேயே நின்றது... நெஞ்சின் மேல்.

"அடிக்க ஒண்ணுமில்லைங்க," என்றான் மெதுவாக. "கீழ என் பேரையும் சேர்த்து எழுதிக்கலாமா?"