நான் பெத்த புள்ள

"அடியே அச்சியெங்! என்னடி காரியம் பண்ணி வச்சிருக்கே...!"

ஜோதிமேரி போட்ட கூச்சலில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொல்லையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள் எட்டு வயது மகள் அச்சியெங். சுருட்டை முடி முழுக்கத் தரையில் கிடந்தது. கென்யாவில் நர்சாக இருந்தபோது ஜோதிமேரி கைப்பிடித்த அந்த ஊர்க்காரன் ஒட்டியேனோ, சாகும்வரை தன் கையாலேயே மகளுக்குப் பின்னிவிட்ட முடி! அவன் போன பிறகு அவளுக்குத் தங்கச்சிமடத்து அண்ணன் வீடுதான் கதி.

அண்ணன் ஆன்டனி ராஜ் ஓடி வந்தான். அவன் மகள் ஜெயப்பிரியாவுக்கு நிச்சயம் பேசப் பாம்பன்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவாத்தா... வந்தவுக காதுல விழப்போகுது!"

"ஏன்டி வெட்டுனே? ஒங்கப்பா ஆசையா வளத்த முடிடி!"

"ஒட்ட வெட்டுனா அடுத்து நேரா மொளைக்கும்ல? ஒன்னய மாதிரி..." குழந்தை விம்மினாள். "ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல மாப்பிள்ளையோட அம்மா, 'இந்தப் புள்ள என்ன ஆளு'ன்னு கேட்டாகள்ல? தத்தெடுத்த புள்ளன்னு மாமா சொன்னாக. நீயும் தலைய ஆட்டுன. முடி ஒன்னய மாதிரி வந்துட்டா, ஒம் புள்ளன்னு சொல்லிருவியாம்மா?"

ஐயோ! அண்ணன் மகள் கல்யாணம் தன்னால் நின்றுவிடக் கூடாதே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆட்டிய தலை அது. சாதி கேட்கிற அந்தக் கேள்வி பிள்ளையின் நெஞ்சில் போய் இப்படித் தைக்கும் என்று அந்தப் பாவி நினைத்தாளா?

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

"ஏத்தா, வேணாம்... எம் மக வாழ்க்கத்தா!" அண்ணன் கெஞ்சினான்.

"அண்ணே, இவளும் ஒரு மகதானண்ணே!"

வந்தவர்கள் முன்னால் நின்றாள். "அண்ணன் சொன்னது பொய். நான் தலையாட்டுனதும் பொய். இது நான் பெத்த புள்ள. இவ அப்பா கென்யாக்காரரு, கோயில்ல வச்சு என்னய முறையா முடிச்ச மனுசன். இவ இந்த ஊர்க்காரியுந்தான், அந்த ஊர்க்காரியுந்தான்!"

மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்" என்று எல்லாரும் எழுந்து போனார்கள். ஜெயப்பிரியா அறைக்குள் தேம்பினாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜோதிமேரி பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். மகள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா... நெசமாவே நான் ஒம் புள்ளதானா? இல்ல, நான் அழுததுனால சொன்னியா?"

ஜோதிமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொசுவத்தைத் தளர்த்தி, அடிவயிற்றுத் தழும்பின் மேல் மகளின் கையை எடுத்து வைத்தாள்.

"இந்தா... தொட்டுப் பாருடி. இந்த வழியாத்தான்டி வந்தே என் ராசாத்தி!"

குழந்தை அந்தத் தழும்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள். பிறகுதான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.